ராட்டை போன இடம்

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தேசியக் கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காங்கிரஸ் கொடியின் நடுவில் அதுவரை இருந்த ராட்டை அந்தக் கொடியில் இல்லை. காரணத்தையும் அவரே சொன்னார்: கொடிக்கு இரண்டு பக்கம், ராட்டையின் சக்கரம் ஒரு முனையிலும் கதிர் மறுமுனையிலும் இருப்பதால் பின்பக்கம் இடம் மாறித் தெரியும். ஆகவே சக்கரத்தை மட்டும் வைத்து, அதற்கு அசோகரின் சாரநாத் தூணில் உள்ள வடிவத்தைக் கொடுத்தார்கள்.

ஆனாலும் ராட்டை கொடியை விட்டுப் போகவில்லை, துணிக்குள் இறங்கிவிட்டது. கையால் நூற்றுக் கையால் நெய்த கதரில்தான் கொடி தைக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகள் விதி.

அந்தக் கதர் வட கர்நாடகக் கிராமங்களில் நெய்யப்பட்டு, ஹூப்ளியின் பெங்கேரியில் உள்ள கதர் சங்கக் கூடத்துக்கு வரும். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துணியை மூன்றாகப் பிரித்து, காவிக்கும் பச்சைக்கும் சாயம் ஏற்றி, ஒன்றை வெளுத்து எடுப்பார்கள். வெள்ளைப் பட்டையில் சக்கரம் அச்சிடுவதுதான் கஷ்டம். முன்பக்கத்து 24 ஆரங்களும் பின்பக்கத்து ஆரங்களும் ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். ராட்டையை இறக்கச் சொன்ன அதே இரண்டு பக்கப் பிரச்சினையைத் தினந்தோறும் கையால் தீர்த்தவர்கள் இவர்கள். பிறகு தையல், கயிறு, மரக்கட்டை, இஸ்திரி. கொடி ஒன்பது அளவுகளில் உண்டு. பெரியது 6300 மில்லிமீட்டர் நீளம், 4200 அகலம்.

கம்பத்தில் ஏறிய கொடி வெயிலிலும் காற்றிலும் நைந்து கிழியும். கிழிந்ததைப் பறக்கவிடக் கூடாது. தனியிடத்தில் மரியாதையோடு, முடிந்தால் எரித்தே, முழுதாக அழிக்க வேண்டும். அதன் இடத்துக்கு இன்னொரு கொடி வேண்டியிருக்கும். கதர் விதி இருந்தவரை, அந்தத் தேவை நூற்பவர் கைக்குத்தான் திரும்பி வந்தது.

2021 டிசம்பர் 30 அன்று விதி திருத்தப்பட்டது. இயந்திரத்தில் நெய்த கொடியும் பாலியஸ்டர் கொடியும் செல்லும் என்றானது. வீட்டுக்கு வீடு கொடி ஏற வேண்டுமென்றால் விலை குறைந்த துணி வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் படத்தில் இல்லாத ராட்டைக்கு நூலில் இருந்த இடமும் கட்டாயமில்லை என்றாகிவிட்டதே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய விதி கதரைத் தடுக்கவில்லை. நாடாளுமன்றத்திலிருந்து பஞ்சாயத்து அலுவலகம் வரை, அரசுக் கட்டடங்களில் ஏறும் கொடிகளையாவது கதரிலேயே வாங்கட்டும்.