ஏரி உடைந்ததும் ஏரியை உடைத்ததும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் பெருவழியை அடுத்து நிற்பது ரஞ்சன்குடிக் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இக்கோட்டையை அகழி சூழ்ந்துள்ளது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத வாலிகண்டபுரப் போர் இதனையொட்டியே நிகழ்ந்தது. அரணின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நீரையே முதலிற் கூறினார்.

அகழிநீர் கரைக்குள் அடங்கியது. கரை கடந்த நீரையும் அரணாக்கியவர் ஒல்லாந்தர். 1672-இல் பதினான்காம் லூயி மன்னனின் படை புகுந்தபோது, அவர்கள் மதகுகளைத் திறந்தும் கரைகளை வெட்டியும் தம் வயல்களையே நீருள் ஆழ்த்தினர். படை நடத்தற்கு அந்நீர் ஆழமானது. கலம் செலுத்துதற்கு ஆழமற்றது. விளைநிலம் இழந்த உழவர் பலர் இதனை எதிர்த்தனர்.

நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை ஆட்சி செலுத்திய அம்மக்களின் மொழியில் 'ஒண்டர்லோப்பன்' என்றொரு வினை உண்டு. 'கீழ்', 'ஓடு' எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது. நிலம் நீரில் மூழ்குதலை உணர்த்தும் இவ்வினைக்கு நிலமே எழுவாய். மூழ்கச் செய்தோன் தொடரில் தோன்றான். அவனைச் சுட்ட 'லாட்டன்' என்னும் துணைவினை வேண்டும். அதுவோ 'விடு', 'செய்வி' என இருபொருள் தருவது. எனவே, நிலத்தை மூழ்கவிட்டனரா, மூழ்குவித்தனரா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

தமிழில் இம்மயக்கம் இல்லை. 'உடை' என்னும் ஒரே பகுதி, 'ஏரி உடைந்தது' என்புழிச் செயப்படுபொருள் குன்றிய வினையாகவும், 'ஏரியை உடைத்தனர்' என்புழிக் குன்றா வினையாகவும் வரும். காக்கத் தவறியமையைக் குறிக்க 'உடையவிட்டனர்' என்னும் வழக்கும் உண்டு.

இவ்வேறுபாடு வரலாற்றுக்கு இன்றியமையாதது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலாகிய வெற்றித்தூணாகப் போற்றுகின்றது. அப்பேரேரி பிற்காலத்தில் பாழ்பட்டது. படையெடுத்து வந்தோர் அதனை அழித்தனர் என்னும் வழக்காறு 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. அதனை ஏற்போர் 'உடைத்தனர்' என எழுதலாம். பேணாமையே காரணம் என்போர்க்கு 'உடையவிட்டனர்' என்பதே பொருந்தும். 'உடைந்தது' என்று மட்டும் எழுதின் பகைவர் பழியும் காவலர் பழியும் ஒருங்கே மறையும்.

ஏரி உடைப்பையும் அதனைச் செப்பனிட்டமையையும் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் பல. அவற்றைச் சுருக்கி எழுதும் ஆய்வாளர், மூலத்திலுள்ள வினைவடிவத்தை மாற்றாது காட்டுதல் வேண்டும். நிலமும் நீரும் இழந்த ஊரார்க்கு அவ்விழப்பை விளைத்தவர் யாவர் என்பதற்குச் சான்று, பல இடங்களில், அவ்வினைச் சொல் ஒன்றே.