கரை தெரியும் நேரத்தில்...

ஒரு நீண்ட கடலோரப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரை. மெல்போர்னுக்குத் தென்மேற்கே டார்க்கீ என்ற ஊரில் ஆரம்பித்து, இடது பக்கம் கடல், வலது பக்கம் மலையும் காடும் என்று சுமார் 240 கி.மீ. நீளும் ‘கிரேட் ஓஷன் ரோடு’ அது. போர்ட் கேம்ப்பெல் என்ற ஊரை நெருங்கிவிட்டீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் ரோடு முடிந்துவிடும்.

அதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டுங்கள். உயரமான இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு சின்ன மணல் திட்டு தெரிகிறதா? அதன் பெயர் ‘லாக் ஆர்ட்’ பள்ளத்தாக்கு. அது ஒரு கப்பலின் பெயர்.

1878, மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்டது லாக் ஆர்ட். மூன்று மாதக் கடல் பயணம். உள்ளே 54 பேர். மறுநாள் மெல்போர்ன் வந்துவிடும் என்று முதல் நாள் இரவு பயணிகள் விருந்து வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். ஜூன் 1 அதிகாலை. மூடுபனி. பனி விலகியபோது கண்ணெதிரே செங்குத்துப் பாறை! கப்பலைத் திருப்ப அவகாசமில்லை. 54 பேரில் 52 பேர் காலி. பிழைத்தவர்கள் டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமியும், ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணும்தான். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. கரை ஒதுங்கிய டாம், ஈவாவின் அலறல் கேட்டு மறுபடி கடலில் குதித்து அவரை இழுத்து வந்தார். அதோடு ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்றும் கரை ஒதுங்கியது. மனிதர்கள் 52 பேரை விழுங்கிய கடல், பீங்கானை உடைக்காமல் அனுப்பிவைத்தது. அது இன்னமும் வார்ணம்பூல் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உயிர் கொடுத்த வாலிபனைத்தான் ஈவா கல்யாணம் செய்துகொள்வார் என்று ஊரே எதிர்பார்த்தது. சினிமாவாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால், பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் அந்தக் கப்பலோடு பறிகொடுத்த பெண் அவர். சில மாதங்களில் அயர்லாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

எதற்கு இந்தக் கதை? இந்தக் கரையில் கடல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் ரோட்டின் அருமை தெரியும். கிழக்கே லோர்ன், அப்போலோ பே போன்ற ஊர்களுக்கு அந்தக் காலத்தில் கடல் வழியே போகவேண்டும். இல்லாவிட்டால் காட்டுக்குள் கரடுமுரடான வண்டித் தடம். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

அடுத்து, முதல் உலகப்போர். அப்போது ஆஸ்திரேலியாவின் மொத்த ஜனத்தொகை ஐம்பது லட்சத்துக்கும் குறைவு. அதில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் இரண்டு முறை ஓட்டெடுப்பு நடத்தி, இரண்டு முறையும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்ட தேசம் அது. ஆக, வெளிநாட்டுக்குப் போய்ச் சண்டை போட்டவர்கள் அனைவரும் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

செத்தவர்களுக்குச் சிலை வைக்கலாம். திரும்பி வந்தவர்களை என்ன செய்வது? இருபது வயதில் துப்பாக்கியோடு போனவன், இருபத்தைந்து வயதில் தூக்கம் கெட்டுப்போய் வந்து நிற்கிறான். கையில் தொழில் இல்லை. பாராட்டு விழா எத்தனை நாளைக்குச் சோறு போடும்?

விக்டோரியா மாகாணத்தின் சாலை வாரியத் தலைவர் வில்லியம் கால்டர் போர் முடியும் முன்பே இதை யோசித்தார். ‘ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில் ரோடு போடும் வேலையை இவர்களுக்குக் கொடுங்கள்’ என்று 1917-ல் நிதி கேட்டார். ஜீலாங் நகர மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடிப்படையில் வியாபாரி. ‘செத்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம், உயிரோடு வந்தவர்களுக்கு வேலை, ஊருக்கு ரோடு’ என்று ஒரே முதலீட்டில் மூன்று லாபம் பார்த்தது அவருடைய கணக்கு.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு! ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தார். நன்கொடையும் கடனுமாக 81,000 பவுண்ட் திரட்டினார். அதில் 3,000 பவுண்ட் அவர் கைக்காசு. ரோட்டில் சுங்கம் வசூலித்துக் கடனை அடைப்பது, அடைத்ததும் ரோட்டை அரசாங்கத்துக்கு இனாமாகக் கொடுத்துவிடுவது என்பது திட்டம். காருக்கு 2 ஷில்லிங். இரண்டு குதிரைக்கு மேல் பூட்டிய வண்டிக்கு 10 ஷில்லிங். 1936-ல் சொன்னபடி ரோடு அரசாங்கத்தின் கைக்குப் போனது. சுங்கம் ரத்து! டோல்கேட்டில் வரிசை கட்டி நிற்கும் நமக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

1918-ல் சர்வே ஆரம்பமானது. அடர்ந்த காடு. மாதத்துக்கு 3 கி.மீ. அளப்பதே பெரும்பாடு. 1919 செப்டம்பரில் வேலை துவங்கியது. போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 பேர் இதில் உழைத்திருக்கிறார்கள். பெரிய மிஷின் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து... அவ்வளவுதான். எட்டு மணி நேர வேலைக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி. சனிக்கிழமை அரை நாள். கூடாரத்தில் ஜாகை. சாப்பாட்டுக்கு வாரம் 10 ஷில்லிங் வரை பிடித்தம். ஒரு நாள் கூலி சாப்பாட்டுக்கு, மிச்சம் கையில்! முகாமில் பியானோ, கிராமபோன், பத்திரிகைகள்கூட உண்டு.

வெடிவைக்கும் டெட்டனேட்டர்களை வண்டியில் எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? முழங்கால் மேல் வைத்துக்கொண்டு! குலுங்குகிற வண்டியில் மெத்தென்று இருந்த ஒரே இடம் அதுதானாம். குண்டுகளுக்கு நடுவே நான்கு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவர்களுக்கு மடியில் வெடி பழகிவிட்டது போலும்.

1924-ல் ஒரு கூத்து. ‘கஸினோ’ என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி நின்றுவிட்டது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். கரையில் யார் இருக்கிறார்கள்? நம் ஆட்கள்! இரண்டு வாரம் ரோடு வேலை நடக்கவில்லை.

சிரிப்பதற்கு அந்த இரண்டு வாரம். மற்றபடி அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கீழே கடல், மேலே தளர்ந்த பாறை. வேலையில் சிலர் செத்தும் போனார்கள். அதிலும் லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் இடைப்பட்ட கடைசிப் பகுதிதான் ரொம்பவே படுத்தியது.

1932 நவம்பர் 26. பதின்மூன்று வருட உழைப்புக்குப் பிறகு திறப்பு விழா. ஊர்வலத்தில் கவர்னரின் காருக்குப் பின்னால் ஒரு கார் வந்தது. அது ஹிட்ச்காக்கின் கார். அவர் அதில் இல்லை. மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில், இதய நோயால் இறந்துவிட்டார். லாக் ஆர்ட் பயணிகளைப் போலவே அவருக்கும் கரை தெரியும் நேரத்தில் பயணம் முடிந்துபோனது.

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் வீரர்கள் நினைவாக மரத்தூண் வளைவு ஒன்று ரோட்டின் குறுக்கே நிற்கிறது. 1983 காட்டுத் தீயில் அது எரிந்து, திரும்பக் கட்டினார்கள். மேற்கே கடலுக்குள் நிற்கும் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ பாறைத் தூண்களைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. எப்போதுமே அவை பன்னிரண்டாக இருந்ததில்லை. அதிலும் ஒன்று 2005-ல் பொலபொலவென்று சரிந்தது. 1990-ல் ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற இயற்கைப் பாலம் இடிந்து, அதன் மேல் நின்ற இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கடலோரத்தில் எந்தச் சின்னமும் நிரந்தரமில்லை.

உலகத்திலேயே பெரிய போர் நினைவுச் சின்னம் என்று ஆஸ்திரேலியர்கள் இந்த ரோட்டைச் சொல்கிறார்கள். எனக்கு அதன் நீளத்தைவிடச் சம்பளப் பட்டியல்தான் பெரிதாகத் தெரிகிறது. சிலைக்கு மாலை போட வருடத்தில் ஒரு நாள் போதும். போரிலிருந்து வந்தவன் வீட்டில் தினமும் உலை கொதிக்க வேண்டுமே! செத்தவனுக்குச் செய்கிற மரியாதையில், அவனோடு நின்று சண்டை போட்டு உயிரோடு வந்தவனுக்கு ஒரு கூலி கிடைத்தது பாருங்கள்... எந்த நாட்டில் எந்தச் சிலைக்குத் திரை விலக்கினாலும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.