தலைநகரில் மின்விளக்கும் மிஸ்திரியும்

அந்தி மயங்கும் வேளையில் விளக்கேற்றி வைத்துத் திருமகளை வரவேற்பது நம் குடும்பங்களின் வழக்கம். இன்று அவ்விளக்கு பெரும்பாலும் ஒரு ஸ்விட்சில் அடங்கிவிட்டது. தட்டுகிறோம், ஒளி பிறக்கிறது. அவ்வொளி இத்தில்லி மாநகருக்கு வந்த வழியையும், அதனை நம் வீட்டுச் சுவருக்குள் கொண்டுவந்து சேர்த்த கைகளையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டு விழா மலரில் அவ்வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது பொருத்தமாகும். உயிர்க்காப்புப் பற்றிய செய்தி ஒன்றும் அதில் அடங்கியுள்ளது.

கல்கத்தா நகரம் 1899-இலேயே மின்நிலையம் கண்டது. தில்லியிலோ 1905-இல் ஜான் பிளெமிங் என்னும் ஆங்கிலக் கம்பெனி, 1903-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அனுமதி பெற்று, பழைய தில்லியின் லாஹோரி கேட்டில் 2 மெகாவாட் திறனுள்ள டீசல் இயந்திரம் ஒன்றை நிறுவிற்று. 1911-இல் நீராவி மின்நிலையம் வந்தது. ஆக, தலைநகரின் முதல் மின்னொளி ஒரு டீசல் ஜெனரேட்டரின் குழந்தையே. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த ஜெனரேட்டர் சிறுவடிவெடுத்து நம் பால்கனிகளில் வந்து அமரும் என்று அன்று எவர் கண்டார்?

உத்தியோக நிமித்தம் இங்குக் குடியேறிய நம் முன்னோரிற் பலர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்தனர். தேக்குச் சட்டத்தின்மேல் ஓடிய கம்பிகள், பீங்கான் ஃப்யூஸ்கள், கூரையில் மெல்லச் சுழன்ற விசிறி. இவையே அன்றைய வீட்டின் மின்செல்வம். ஃப்யூஸ் போயிற்றென்றால் பொதுப்பணித் துறையின் 'என்கொயரி'யில் எழுதி வைப்பார்கள். காலதாமதம் ஆனாலும் ஆள் வருவார். அவர் தொழில் அறிந்தவரா என்று குடும்பத் தலைவர் விசாரிக்க வேண்டியதில்லை; அக்கவலையை அரசாங்கமே ஏற்றிருந்தது.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதனைத் தெளிவாக வரையறுத்தது. பல்பு, ஃப்யூஸ், ஸ்விட்சு போன்றவற்றை அவற்றின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட எந்த வயரிங் வேலையும், லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரின் பொறுப்பில், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், பெர்மிட் உடையவரால் செய்யப்பட வேண்டும். 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு விதிகளும் இக்கருத்தையே வற்புறுத்துகின்றன.

காலம் மாறிற்று. பலர் ஓய்வு பெற்றனர். ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் சொந்த வீடு கொண்டனர். அங்கே என்கொயரி இல்லை. கடைத்தெருவின் மிஸ்திரியே கதி என்றாயிற்று. அவர்களிற் பலர் பள்ளியில் பயின்றவரல்லர். உஸ்தாதுக்கு ஏணி பிடித்துத் தொழில் கற்றவர்கள். சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ் கடைகளில் எந்தக் கம்பி நல்லது, எது போலி என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். அரைகுறை இந்தியில் நாம் சொல்லும் குறையையும் குறிப்பால் உணரவல்லவர்கள். ஆயினும் சட்டம் ஒருபுறமும் கைத்திறன் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றதால் விளைந்த கேடுகளும் உண்டு. வேனிற்காலத்தில் தகரக் கூலரில் தண்ணீரும் மின்சாரமும் ஒருங்கே நிற்கின்றன. எர்த் கம்பி இல்லாத கூலரைத் தொட்டு மாண்டோர் செய்தி இந்நகரில் புதிதன்று.

மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் ஜெனரேட்டர் வந்தது. அது வந்த நாள்முதல் மின்சாரம் வாங்கும் வீடு மின்சாரம் ஆக்கும் வீடாகவும் ஆயிற்று. இம்மாறுதலின் பொருளை நாம் உணர்ந்தோமில்லை. நம் அனுபவம் ஒன்றே இதற்குச் சான்று. குறைந்த கூலி கேட்டவரென்று ஒரு மிஸ்திரியை அழைத்தோம். அவர் இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பியொன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரின் பாயின்ட்டிலும் செருகினார். வீடெங்கும் ஒளி பரவிற்று. "முதலில் மெயினை அணைத்துவிடுங்கள்" என்று கூறிச் சென்றார். சில நாளில் நாம் அதனை மறந்தோம்.

வேறொரு வேலையாக வந்த முதிய மிஸ்திரி அக்கம்பியைக் கண்டதும் முகம் சுளித்தார். நம் வீட்டு மின்சாரம் மெயின் வழியே வெளியேறித் தெருக் கம்பிக்கு ஏறும் என்றும், கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் கை வைப்பவரை அது கொல்லும் என்றும் விளக்கினார். "கம்பத்தில் ஏறுபவன் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், பாபுஜி" என்றார். நாம் நாணித் தலைகுனிந்தோம். அன்றே அவர் சேஞ்ஓவர் ஸ்விட்சு ஒன்றைப் பொருத்தினார். அதன் பிடி ஒரு பக்கம் சாய்ந்தால் தெரு மின்சாரம், மறுபக்கம் சாய்ந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேர இணைய வழியேயில்லை. மனிதனின் மறதியை நம்பாத ஏற்பாடு அது. கூலி கேட்டபோது, முன்னவர் கேட்டதைவிடச் சிறிதே கூடுதலாகக் கேட்டார்.

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாட்டு மின்தொடர் வீழ்ந்தபோது பல வீடுகளுக்கு ஜெனரேட்டரும் இன்வெர்ட்டருமே துணைநின்றன. 2017 அக்டோபரில், காற்று மாசு காரணமாகத் தில்லியில் டீசல் ஜெனரேட்டர்களுக்குத் தடை வந்தது. வீடுகளில் இன்வெர்ட்டரே இப்போது மிகுதி. கருவி மாறினும் கவனம் மாறலாகாது.

ஆதலின் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஸ்திரியை அழைக்குமுன் பெர்மிட் உண்டா என்று மரியாதையுடன் கேளுங்கள். உள்ளவர் மகிழ்ந்து காட்டுவார். எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். ஜெனரேட்டர் இருப்பின், அடைத்த பால்கனியில் அதனை ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிர் கவரும். நல்ல வேலைக்கு உரிய கூலியை முகம் கோணாது கொடுங்கள்.

லாஹோரி கேட்டில் தொடங்கிய ஒளி நம் இல்லம் வரை வந்திருக்கிறது. அது நம் வாசலைத் தாண்டிக் கம்பத்தின் மேலிருப்பவருக்கு எமனாகாமல் காப்பது நம் கடமை.