மறுப்பும் கலப்பும்: இருசமயத் திருமணத்தின் சட்ட வரலாறும் தமிழ்ச் சொல் வழக்கும்

முன்னுரை

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதியைச் சார்ந்த ஆஸ்டின் டவுனில் தமிழ் பேசும் இந்துக்களும் கிறித்தவர்களும் இசுலாமியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர். மொழி ஒன்றாகவும் சமயம் வேறாகவும் உள்ள இத்தகைய குடியிருப்பில் இளைஞர் இருவர் மணம்புரிய விரும்பினால், அவர்கள் எச்சட்டத்தின் கீழ் மணக்க இயலும்? தத்தம் சமயத்தில் இருந்தபடியே மணக்க முடியுமா? அம்மணத்தைத் தமிழ் எச்சொல்லால் குறிக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகிறது இக்கட்டுரை. சட்டத்தின் வரலாற்றையும் சொல்லின் வரலாற்றையும் இணைத்து நோக்கும்போது, இரண்டுமே நெடுங்காலம் மணமக்களிடமிருந்து ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்குமாறு கேட்டுவந்துள்ளன என்பது புலனாகும்.

1. குடியிருப்பும் மொழியும்

பெங்களூரு கண்டோன்மென்ட் 1809-இல் அமைந்தது. சென்னைப் படைப்பிரிவுகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பெருந்தொகையினராக இங்குக் குடியேறினர். சென்னைச் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் 1834-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டதும் ஈண்டுக் கருதத்தக்கது. 1881-இல் மைசூர் அரசு உடையார் மரபிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, இப்பகுதி மட்டும் சிவில் மற்றும் இராணுவ நிலையம் என்னும் பெயரில் பிரித்தானியர் ஆட்சியிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1947-இல்தான் மைசூரோடு மீண்டும் இணைந்தது. ஆஸ்டின் டவுனுக்குப் பின்னாளில், 1894-இல் வெளிவந்த கன்னட அகராதியின் ஆசிரியரான ஃபெர்டினாண்ட் கிட்டல் பெயரால் எஃப். கிட்டல் நகர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எனினும் மக்கள் வழக்கில் பழம்பெயரே நிலைத்துள்ளது.

அருகிலுள்ள விவேக்நகர்க் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைதோறும் பிற சமயத்தாரும் திரண்டு வருவது இப்பகுதியின் வாழ்க்கை முறையைக் காட்டும் சான்றாகும். மொழிநிலையிலும் இப்பகிர்வு உண்டு. தமிழ் இசுலாமியர் தந்தையை அத்தா, வாப்பா என விளிப்பினும், மாமா, மச்சான் என்பன மூன்று சமயத்தார்க்கும் பொதுவானவை. தாலி இந்துக்களுக்கும் கிறித்தவர்க்கும் பொது. தமிழ் இசுலாமியரிடையே கருகமணி கட்டும் வழக்கம் உண்டு. மணச்சடங்கைக் குறிக்கும் சொற்கள் மட்டும் பிரிந்து நிற்கின்றன: ஒருவர்க்கு முகூர்த்தம், ஒருவர்க்கு ஓலை வாசித்தலும் தாலி மந்திரித்தலும், ஒருவர்க்கு நிக்காஹ். ஆக, உறவுமுறைச் சொற்கள் இணைக்கும் மக்களைச் சடங்குச் சொற்கள் பிரிக்கின்றன. சட்டம் இப்பிரிவினையையே அடிப்படையாகக் கொண்டது.

2. மறுப்பைக் கேட்ட சட்டம்

சமயச் சடங்கின்றி மணம்புரிய இந்தியாவில் முதன்முதலாக வழிவகுத்தது 1872-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகும். பிரம்ம சமாஜத்தாரின் மணங்கள் சட்டப்படி செல்லா என்னும் ஐயம் எழுந்தபோது, கேசவ சந்திர சென் தலைமையிலான பிரிவினர் அரசை அணுகினர். சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் 1868-இல் முன்வைத்த வரைவு அனைவர்க்கும் பொதுவான குடிமை மணத்தை நோக்கியதாக இருந்தது. எதிர்ப்பு மிகுந்தமையால் அவருக்குப் பின்வந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதனைச் சுருக்கினார். அதன்படி, மணமக்கள் இருவரும் தாம் கிறித்தவ, யூத, இந்து, முகமதிய, பார்சி, பௌத்த, சீக்கிய, சமண சமயம் எதனையும் பின்பற்றவில்லை என எழுதிக் கையொப்பமிட வேண்டும். மணத்திற்கு முன் பதினான்கு நாள் அறிவிப்பும் வேண்டும்.

இந்நிபந்தனையின் விளைவு நோக்கத்தக்கது. வெவ்வேறு சமயத்தைச் சார்ந்த இருவர் மணக்க விரும்பினால், இருவருமே தத்தம் சமயத்தை எழுத்தில் மறுத்தாக வேண்டும். நம்பிக்கை உடையவர்க்கு அஃது உண்மைக்கு மாறான உறுதிமொழியாகும். நம்பிக்கை அற்றவர்க்கே அது பொருந்தும். வழிபாட்டை விட விரும்பாதவர் பொய்யுரைக்க வேண்டும், அல்லது மணத்தைக் கைவிட வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது.

இதனை மாற்ற 1911-இல் பூபேந்திரநாத் பாசு கொணர்ந்த முயற்சி வெற்றி பெறவில்லை. ஹரிசிங் கௌர் கொணர்ந்த 1923-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தார் தமக்குள் மறுப்புரையின்றி மணக்க இசைவளித்தது. ஆயினும் அதற்கு ஈடாகச் சில உரிமைகள் பறிக்கப்பட்டன. அவ்வாறு மணப்பவர் கூட்டுக் குடும்பத்தினின்று பிரிந்தவராகக் கருதப்பட்டார். தத்தெடுக்கும் உரிமையை இழந்தார். அவர் ஒரே மகனாயின், தந்தை வேறொருவரைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். மகன் உயிரோடிருக்கும்போதே அவன் இடத்தை நிரப்பச் சட்டம் இடமளித்தது எனலாம். இந்துவும் கிறித்தவரும், இந்துவும் இசுலாமியரும் மணப்பதற்கு இத்திருத்தம் வழி காட்டவில்லை.

3. சடங்கின்வழி மணந்தோர்

மறுப்புரை தர விரும்பாதோர் இருவரில் ஒருவரது சமயச் சடங்கை நாடினர். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், மணமக்களுள் ஒருவர் கிறித்தவராயினும் தன் எல்லைக்குள் கொள்ளும். மற்றவர் மதம் மாற வேண்டும் என அது கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை தனியே விலக்களிப்பைக் கோரியது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இருதரப்பாரிடமும் உறுதிமொழி கேட்டது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைக்குப்பின் பிள்ளைகளின் திருமுழுக்குப் பற்றிய உறுதிமொழி கத்தோலிக்கரிடம் மட்டுமே பெறப்படுகிறது.

இந்துச் சடங்கின்வழி நடந்த மணங்கள் நீதிமன்றத்தில் வேறுவகைச் சிக்கலைச் சந்தித்தன. பெருமாள் நாடார் எதிர் பொன்னுசாமி என்னும் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஈண்டு முதன்மையானது. இந்து ஆடவர் ஒருவர் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணை 1950-இல் இந்து முறைப்படி மணந்தார். பின்னர் அவர்தம் இளவயது மகன் சார்பில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கப்பட்டபோது, மனைவி கிறித்தவர் ஆதலின் மணமே செல்லாது எனத் தந்தை வாதிட்டார். மதமாற்றத்திற்குத் தூய்மைச் சடங்கு இன்றியமையாததன்று, உண்மையான நோக்கமும் அதனை வெளிப்படுத்தும் நடத்தையும் போதும் எனக் கூறி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மகன் பங்கு பெற்றான். ஆயின் தாய் இந்துவாகிவிட்டார் என்னும் முடிவின் வாயிலாகவே பெற்றான் என்பது மறத்தற்கன்று. அவர் கிறித்தவராகவே இருந்திருப்பின் அவ்வாயில் அடைபட்டிருக்கும். 2008-இல் வந்த மற்றொரு வழக்கில், கிறித்தவர் ஒருவர் இந்துப் பெண்ணைக் கோயிலில் மணந்த மணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இசுலாமியச் சட்டத்திலும் இத்தகைய வினா எழுந்தது. இசுலாமிய ஆடவர்க்கும் இந்துப் பெண்ணுக்கும் நடந்த மணம் முறையற்றதேயன்றி வெறுமையானதன்று, அதில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை சொத்தில் பங்கு உண்டு என 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மணமக்களின் நம்பிக்கை பற்றிய வழக்குகளாகத் தோன்றுவனவற்றுள் பல, பிள்ளையின் பங்கு பற்றியனவாகவே முடிவதை இவை காட்டுகின்றன.

4. இருந்தபடியே மணத்தல்

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே மறுப்புரையை முற்றிலும் நீக்கியது. எச்சமயத்தாரும் தத்தம் சமயத்தில் இருந்தபடியே மணக்கலாம் என்பது அதன் சாரம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். கூட்டுக் குடும்பப் பிரிவு மட்டும் எஞ்சியது. மணமக்கள் இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமணராயின் அதுவும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அகன்றது. ஆக, பிற சமயத்தாரை மணக்கும் இந்துவுக்கே அவ்விளைவு இன்றும் உரியது.

மறுப்பின் இடத்தில் அறிவிப்பு வந்தது. இருவருள் ஒருவரேனும் முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புத் தர வேண்டும். அஃது அலுவலகத்தில் ஒட்டப்படும். முப்பது நாளுக்குள் எவரும் தடை கூறலாம். நிலையான வசிப்பிடம் வேறு மாவட்டமாயின், படி அங்கும் அனுப்பி ஒட்டப்படும். பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கு வந்த தமிழ் இளைஞரின் அறிவிப்பு, அவர் விட்டுவந்த ஊருக்கே செல்லக்கூடும் என்பது இதனால் பெறப்படும். கிறித்தவரிடையே ஓலை வாசித்தலும் தடை உண்டோ எனக் கேட்பதே. ஆயின் அது குடும்பத்தாரின் இசைவுக்குப்பின் நிகழ்வது. இசைவின்மைக்கு அஞ்சி வருவோர்க்கு அதே முறை வேறு பொருளைத் தருகிறது. இவ்வறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தில், மணத்தின் பொருட்டு நிகழும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2022-இல் இயற்றப்பட்டது. 2023-இல் அடுத்து வந்த அமைச்சரவை அதனை நீக்க முடிவு செய்தது.

தமிழகத்தின் சுயமரியாதைத் திருமணம் இங்கு உதவாமையும் குறிப்பிடத்தக்கது. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பு பெற்ற அம்முறை இந்துக்கள் இருவர்க்கிடையே மட்டும் செல்லும். தமிழகச் சட்டமாதலின் ஆஸ்டின் டவுனுக்கு அது விரியாது.

5. சொற்கள்

இவ்வகை மணத்தைக் குறிக்கத் தமிழில் பெருவழக்காய் உள்ளது கலப்புத் திருமணம் என்பதாகும். சாதி வேறுபாட்டிற்கும் சமய வேறுபாட்டிற்கும் இஃதொன்றே ஆளப்படுகிறது. கலப்படம் என்னும் சொல்லின் நிழல் இதன்மேல் விழுவதால், சீர்திருத்த இயக்கத்தார் சாதி மறுப்புத் திருமணம் என்பதை முன்வைத்தனர். சாதியைப் பொறுத்தவரை அது செம்மையான ஆட்சி. மறுப்பவர் தாமே விரும்பி மறுக்கின்றனர். அதனை அடியொற்றிச் சமய மறுப்புத் திருமணம் என்று வழங்கும்போதோ பொருள் மாறுபடுகிறது. கோயிலுக்குச் செல்லும் கணவரும் ஆலயத்திற்குச் செல்லும் மனைவியும் எதனையும் மறுத்தவரல்லர். 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்திக் கேட்ட மறுப்பை, 1954-ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்ட பின்னும், அச்சொல் அவர்கள்மேல் ஏற்றுகிறது. பதிவுத் திருமணம் என்பதோ மணத்தின் முறையைச் சுட்டுவதன்றி மணப்போரைச் சுட்டுவதன்று. பேச்சு வழக்கில் அது வீட்டார்க்குத் தெரியாத மணம் என்னும் பொருளையும் ஏற்றுள்ளது.

முடிவுரை

சமயத்தை விடு என்றது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையை விடு என்றது 1923-ஆம் ஆண்டுத் திருத்தம். மறைவை விடு என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றனுள் இறுதியதே, இருவரும் அவரவராக இருந்து மணக்கலாம் என ஏற்றது. அவ்வேற்பைத் தமிழ் வழக்கு இன்னும் முழுமையாகப் பெறவில்லை. கலப்பும் மறுப்பும் இன்றி இருநிலையையும் அவ்வாறே குறிக்கும் இருசமயத் திருமணம் போன்றதொரு சொல் வழக்கில் ஊன்றுதல் நன்று. மாமா, மச்சான் என்னும் சொற்கள் சமய எல்லையை நெடுங்காலத்துக்கு முன்பே கடந்துவிட்ட ஒரு மொழிக்கு அஃது அரியதன்று.