சுனாமி: நம் கரை மறந்ததும் கற்றதும்

சேமிப்பு, கடன், தொழில் என்று நம் மலரில் நிறைய எழுதுகிறோம். அதையெல்லாம் ஒரே காலையில் அள்ளிக்கொண்டு போன கடலின் கதையையும் எழுதி வைக்க வேண்டும். இன்று குழுவில் சேரும் பெண்கள் பலர் அன்று கைக்குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கடியில் பூமி குலுங்கியது, அளவு 9.1. கடலின் தரை சட்டென்று உயர்ந்ததால் மேலிருந்த தண்ணீர் எழும்பி அலையாக ஓடி வந்தது. நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குத் தகவல் சொல்ல அன்று நாட்டில் ஒரு நிலையம் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

"சுனாமின்னா என்னன்னே தெரியாதே" என்றுதான் எல்லோரும் அழுதோம். ஆனால் நம் கரைக்கு அது முதல் தடவை இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் நிலநடுக்கம் வந்து, அதன் அலை நாகப்பட்டினம் கடல்மட்டக் கருவியில் ஒரு மீட்டர் அளவுக்குப் பதிவானது. பிறகு 123 ஆண்டுகள். சின்ன அலைதானே என்று யாரும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவில்லை.

சுமத்ராவுக்குப் பக்கத்திலுள்ள சிமலூ தீவில் சொல்லி வைத்தார்கள். 1907-ல் அங்கே ஒரு பேரலை நிறையப் பேரைக் கொண்டுபோனது. அதற்கு 'ஸ்மோங்' என்று பேர் வைத்து, "பூமி பலமா ஆடினா மேட்டுக்கு ஓடு" என்று பாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

நம் பக்கம் பெண்களே அதிகம் போனார்கள். கடலூர் மாவட்டத்தில் அப்போது எடுத்த கணக்கில் ஆண்கள் 146, பெண்கள் 391. கடலுக்குள் போன ஆண்களின் படகுக்கு அடியில் அலை தெரியாமலே கடந்து போனது. மீன் வாங்கக் கூடையோடு கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். பிள்ளையைத் தேடி வீட்டுக்குத் திரும்பி ஓடியதும் பெண்கள். நீச்சல் தெரியாது, சேலை காலைச் சுற்றியது.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மறுபடி 8.6 அளவில் குலுங்கியபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். பூமி பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த தடவை அப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

நிலநடுக்கம் தூரத்தில் வந்தால் நமக்கு ஆட்டம் தெரியாமல் போகலாம். கடல் உள்வாங்காமலும் அலை வரும். அதனால் எச்சரிக்கை வந்தவுடன் கிளம்ப வேண்டும். கடல் உள்வாங்கினால் எச்சரிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. முதல் அலை போனதும் சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

மையத்தின் செய்தி கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். யார் வீட்டில் கர்ப்பிணி, யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் என்பது குழுக் கூட்டத்தில் உட்காரும் நமக்குத்தான் தெரியும். யாரை யார் கூட்டிப்போவது என்று இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதுவோம்.