கீழ்மட்டக் கரும்பலகையும் ‘ப’ வடிவ இருக்கையும்: வகுப்பறை அமைப்பைத் தீர்மானிக்க வேண்டியது எது?

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை, மாணவர்களை ‘ப’ வடிவில் உட்கார வைக்கும்படி பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படம் கேரளத்தில் கிளப்பிய பேச்சின் தொடர்ச்சி அது. கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இருக்கக்கூடாது என்பது நோக்கம். கழுத்து வலிக்கும், கண்ணுக்குக் கேடு என்று எதிர்ப்பு எழுந்ததும் அறிவுறுத்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. வாதங்கள் பெரும்பாலும் உடல்நலத்தைச் சுற்றியே நடந்தன. அந்த ‘ப’வுக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் செய்யப்போகும் வேலை என்ன என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. வகுப்பறையின் வடிவம் அங்கு நடக்கும் வேலையிலிருந்து பிறக்க வேண்டும். வடிவத்தை முதலில் விதித்துவிட்டு வேலையைப் பிறகு தேடினால் எந்த நல்ல ஏற்பாடும் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 20 அடிக்கு 20 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெஸ்க்கும் பெஞ்சும் சேர்ந்து மூன்றரை அடி ஆழம் பிடிக்கும். கரும்பலகைக்கு முன் ஐந்து அடியாவது ஆசிரியருக்கு விட வேண்டும். பின்சுவரில் 20 அடியும், பக்கச் சுவர்களில் பதினொன்றரை அடி வீதமும் கிடைக்கும். மொத்தம் 43 அடி. பிள்ளைக்கு ஒன்றரை அடி என்றால் 28 பேர் உட்காரலாம். வாசல் இருக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். 40 பேர் படிக்கும் வகுப்பில் மீதிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது ‘ப’ போட வேண்டிவரும். ஒழித்துவிட்டதாகச் சொன்ன பின்வரிசை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. பக்கவரிசையின் பின்கோடியில் இருக்கும் பிள்ளை பலகையின் நடுவைப் பார்க்க 60 பாகை அளவுக்குத் திரும்ப வேண்டும். பலகையை ஒட்டி இருக்கும் பிள்ளைக்கு அதில் பாதி திரும்பினால் போதும். ஆனால் சாய்வாகப் பார்ப்பதால் எழுத்துகள் ஏறக்குறைய பாதி அகலத்துக்குக் குறுகித் தெரியும். பாடம் முழுவதும் பலகையில் எழுதிப் பார்த்து எழுதுவதாகவே இருந்தால் ‘ப’ தண்டனைதான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து விவாதிக்கும் பாடமானால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வரிசைமுறையை எதிர்ப்போருக்கும் நியாயம் உண்டு. ஆசிரியரின் கேள்வியும் கவனமும் முன்வரிசையிலும் நடுப்பத்தியிலும் குவிகின்றன என்பதை ஆய்வாளர்கள் ஆடம்ஸும் பிடிலும் 1970இலேயே பதிவு செய்தார்கள். ஆனால் வன்னார்க்கா, ரூல் இருவரும் 2008இல் எட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசையே பொருத்தம் என்று தெரிந்தது. குறிப்பாகக் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு. பேசிச் செய்யும் வேலைக்குக் குழுவோ அரைவட்டமோ வேண்டும். ஒரே நாளில் இரண்டு விதமான வேலையும் நடப்பதால், நிரந்தரமான ஒரே வடிவம் என்ற தேடலே பொருளற்றது.

வேலைக்கேற்ப வகுப்பறையை அமைப்பதைத் தமிழ்நாடு ஒருமுறை சரியாகச் செய்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலைத்தான் சொல்கிறேன். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் அதன் மூலம். ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தின் படிகளைக் காட்டும் கற்றல் ஏணியில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, அதற்குரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவி தேவைப்படுவோர், சக மாணவர் உதவியோடு செய்வோர், தானாகச் செய்வோர், மதிப்பீட்டுக்கு வந்தோர் என்று வேலை ஆறு குழுக்களாகப் பிரிந்தது. பாய்களும் அதன்படி விரிந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை என்ற கரும்பட்டை ஓடியது. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்தார்கள். தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கின. அட்டை இல்லாமல் இதில் எந்த ஒன்றுக்கும் பொருள் இல்லை. ஒரே நேரத்தில் முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் நிற்பதால்தான் ஒரு பலகை போதாமல் முப்பது கட்டங்கள் தேவைப்பட்டன.

2012-13இல் முப்பருவப் பாடநூல்கள் வந்தன. செயல்வழிக் கற்றலும் ‘எளிமைப்படுத்தப்பட்டது’. வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தைத் திறக்கும் பழக்கம் மெல்லத் திரும்பியது. அதன்பின் கீழ்மட்டக் கரும்பலகைக்கு வேலை இல்லாமல் போனது. பள்ளிகளில் அதன்மேல் பெயின்ட் அடித்துப் படம் வரைந்ததையும், பீரோவை நகர்த்தி அதை மறைத்ததையும் தொடக்கப் பள்ளிகளை அறிந்தவர்கள் பார்த்திருப்பார்கள். செயல்வழிக் கற்றலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள், ஆசிரியர்கள் அட்டை எடுத்துக் கொடுப்பவர்களாகச் சுருங்கிவிட்டதாக வருந்தினார்கள். ஆனாலும் வேலை போனதும் அமைப்பும் செத்தது என்பது இங்கே கவனிக்க வேண்டிய பாடம்.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபின் கதைக்களம், பாடல் களம், படைப்புக் களம் என்று மூலைகள் நிறைந்தன. உற்சாகத்தில் சில அறைகளில் சன்னல் கண்ணாடிகூட மிஞ்சவில்லை. பார்வையிட வரும் அதிகாரியின் கண்ணுக்கு அது உழைப்பாகத் தெரியும். பிட்ஸ்பர்க்கில் ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தோடு தொடர்பில்லாத படங்கள் நிறைந்த அறையில் மழலை வகுப்புப் பிள்ளைகளின் கவனம் கூடுதலாகச் சிதறியது, கற்றலும் குறைந்தது. 24 பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது; அதைக் காட்டிச் சுவரை வெறுமையாக்கச் சொல்வது தவறு. இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்த பாரட் குழு (2015), வெறுமையும் நெரிசலும் இரண்டுமே உதவுவதில்லை என்றது. அதே ஆய்வு வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு கொடுத்தது. ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பாடம் நடத்தியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே சுவரோவியத்துக்குச் செலவழிக்கும் பணம் முதலில் கூரைக்குப் போக வேண்டும்.

இனி மேசை நாற்காலி. இரும்புச் சட்டத்தில் டெஸ்க்கையும் பெஞ்சையும் ஒன்றாகப் பற்றவைத்த இருக்கைதான் நம் பள்ளிகளுக்கு வழக்கமாக வாங்கப்படுகிறது. அது உறுதியானது, பத்து வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்தாலும் சத்தமில்லாமல் நகர்த்த முடியாது. ஆகவே எந்த வடிவில் போட்டாலும் அது ஆண்டு முழுவதும் அப்படியே கிடக்கும். பாய் இருந்தவரை ஒரு நிமிடத்தில் குழுவாகவும் வட்டமாகவும் மாற முடிந்தது. அதற்காகப் பாய்க்கே திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. யார் தரையில் உட்கார வேண்டும், யார் பெஞ்சில் என்று சாதி பார்த்துப் பிரித்த வரலாறு நம் பள்ளிகளுக்கு உண்டு; அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பெஞ்ச் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் அந்த நினைவு இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, இரண்டு பிள்ளைகள் தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் தனித்தனி மேசையும் நாற்காலியும். கொள்முதல் விவரக்குறிப்பில் எடைக்கு ஓர் உச்சவரம்பு எழுதினாலே போதும். எந்தப் பாடத்துக்கு எந்த வடிவம் என்பதை ஆசிரியர் அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்வார். அதற்குச் சுற்றறிக்கை தேவைப்படாது.