அரை ஆள்

என் ஆயா மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. குடிமராமத்து நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் ஏரிக்குப் போக வேண்டும். தாத்தா சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்த வருஷங்களில் ஆயாதான் கூடையோடு போனாள். "நாள் பூரா மண்ணு சொமந்தேன். சாயங்காலம் கணக்குல அரை ஆளுன்னு எழுதிக்கினாங்க. மறுநாளும் போயித்தான் ஒரு ஆளு ஆனேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஏரிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது நான் தேடியது அந்த அரை ஆளைத்தான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வகுப்பில் நடத்தாத வருஷம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி, குடவோலை முறையில் தேர்வு. தகுதி: வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, வயது 35 முதல் 70க்குள். பெண் கூடாது என்று தனியாக எழுதத் தேவையே இருக்கவில்லை. நிலமும் வேதமும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே ஏரியும் இருந்தது. உழைத்தவர்களில் ஆண்களுக்கும் அங்கே இடமில்லை.

ஆனால் அந்தக் காலத்து ஏரிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: அதற்கென்று சொந்த வருமானம். ஏரிப்பட்டி என்று ஒதுக்கிய நிலத்தின் விளைச்சல் ஏரிக்குப் போனது. சபையிடம் பொன் வைத்து, முதலைத் தொடாமல், வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளின் கொடையாளர் வரிசையில் அரசிகள் உண்டு, தேவரடியார்கள் உண்டு. பொன் கொடுக்கப் பெண் வரலாம்; வாரியத்தில் உட்கார வர முடியாது.

பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவரி அரசின் கருவூலத்துக்குப் போனது. இனாம் விசாரணைகளில் பழைய மானிய நிலங்கள் பல வரிக்குள் வந்தன. வருமானம் மேலே போயிற்று. வேலை மட்டும் ஊரிலேயே நின்றது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், மராமத்துக்கு ஆள் தருவதைக் கடமையாக்கியது. குடிமராமத்து என்பது தொன்றுதொட்டு வந்த, ஊரார் மனமுவந்து செய்த வழக்கம் என்ற படமே பெரிதும் காலனிய நிர்வாகம் தீட்டியது என்கிறார் டேவிட் மோஸ், 2003இல் வந்த தம் நூலில். அதைப் படித்த இரவு ஆயாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மனமுவந்து போனவளை யாராவது அரை ஆள் என்று எழுதுவார்களா?

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தை அதே பெயரில் மீட்டெடுத்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பொறுப்பு ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கு. ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை ஏறத்தாழ 14 விழுக்காடு. உத்திரமேரூரின் வாசல் அப்படியொன்றும் அகலமாகிவிடவில்லை.

அதே ஏரியில் இறங்கி மண் வெட்டுபவர்கள் யார்? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காவது வேலை என்றது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தின் வேலைநாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையதாயிற்று. வரத்துக்கால் தூர்வாரியதும் கரைக்கு மண் சுமந்ததும் இவர்கள்தான். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட இல்லை. ஊடகங்களில் இந்த வேலைக்குக் கிடைத்த பெயர், 'மரத்தடியில் உட்கார்ந்து வாங்கும் கூலி.'

ஏரிக்கு நிரந்தரமாகப் பணம் வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். திட்டம் வரும்போது கரை உயர்கிறது. திட்டம் முடிந்ததும் மதகு துருப்பிடிக்கிறது. மீன் குத்தகை, மர ஏலம், வண்டல் என ஏரி சம்பாதிப்பதில் பெரும்பகுதி ஏரிக்குத் திரும்புவதில்லை. பழையவர்களின் உத்தியில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஏரியின் வருமானம் ஏரியின் கணக்கில் நிற்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதியும் வரத்துக்காலும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும்.

விட்டுவிட வேண்டியது, கணக்கைக் கையில் வைத்திருப்பவர் நிலக்காரராக மட்டுமே இருக்க வேண்டும் என்பதை. பட்டாவைப் பார்த்து வாக்குரிமை தருகிறோம். கூலிப் பட்டியலைப் பார்த்தும் தரலாம். ஏரியில் எத்தனை நாள் யார் மண் சுமந்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான ஆவணம் இல்லை.

ஆயாவின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் சுமந்த மண் இன்னும் அந்தக் கரையில் இருக்கிறது. அவளுக்கு அரை ஆள் பாக்கி.